நாற்காலியில் உட்கார்ந்தவள்தான் சொல்ல வேண்டும்

கொடைக்கானலிலிருந்து காலையில் இறங்கும் முதல் பஸ் வத்தலக்குண்டு ஸ்டாண்டுக்குள் நுழையும்போது நான் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். மலைச் சேதிகளை எனக்குக் கொண்டுவருகிறவர் அந்த பஸ்ஸின் கண்டக்டர். யார் வீட்டில் கல்யாணம், எந்த வளைவில் மண் சரிந்தது, பேரிக்காய் விளைச்சல் எப்படி என்று படியில் நின்றபடியே சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார். போன மார்கழியில் ஒருநாள் அவர் படியில் நிற்கவில்லை. இறங்கி, ரோட்டைத் தாண்டி, கடைக்குள்ளேயே வந்துவிட்டார். 

"சார், மனசைத் தேத்திக்கங்க. ஒங்க ஜெபமணி டீச்சர் தவறிட்டாங்க. ராத்திரி தூக்கத்துலயே உசுரு போயிருச்சாம். சாயங்காலம் அடக்கம். வெள்ளனே சர்ச்சு ஆளு வந்து, மறக்காம ஒங்ககிட்டச் சொல்லிரச் சொன்னாரு."

 அதே பஸ் மலைக்குத் திரும்பியபோது என்னை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். வழி முழுக்க வாய் ஓயாத மனுஷன், அன்று ஒவ்வொரு வளைவிலும் என்னைத் திரும்பிப் பார்த்ததோடு சரி.

ஜெபமணி டீச்சர் கொடைக்கானலில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவர். அதே பள்ளியில் நான் ட்ராயிங் மாஸ்டர்; ரிட்டையரான பிறகுதான் வத்தலக்குண்டில் இறங்கி போர்டு எழுதும் கடை போட்டேன். அவர் கதை எழுதினார், நான் படம் போட்டேன். எழுபதுகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து கொண்டுவந்த சின்னச் சின்னப் புத்தகங்களை எட்டாவதிலிருந்து பதினொன்றாவது வரை படித்த பெண்கள் கம்பளிக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். "ராஜா ராணிக் கதைதானே" என்று யாராவது சொன்னால் டீச்சருக்குப் பொறுக்காது. "ராணிக் கதை மட்டுந்தாங்க. ராஜாவைத் தேடாதீங்க" என்பார். இதைப் படிக்கிறவர்களில் அந்தப் புத்தகங்களுக்குள்ளேயே இருக்கிற பெண்களும் சிலர் இருப்பீர்கள். உங்கள் பெயரை அவர் மாற்றி எழுதியிருக்கலாம். நீங்கள் சொன்ன தீர்ப்பை மாற்றியதில்லை.

அந்தக் கதைகள் ஆரம்பித்த விதத்தை அவரே என்னிடம் சொன்னார். பனி இறங்கி வெளியே விளையாட முடியாத ஒரு சாயங்காலம், ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அவர் கதை சொல்லியிருக்கிறார். அடுப்படியில் சாம்பலோடு சாம்பலாகக் கிடந்த ஒரு பெண், இளவரசனைக் கட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போகிற பழைய கதை. சொல்லி முடித்ததும் பூம்பாறைப் பெண் ஒருத்தி எழுந்து, "கல்யாணம் சரி டீச்சர். மறுநாளு அவ என்ன சோலி பாத்தா?" என்று கேட்டாளாம். ராணிக்கு என்ன சோலி என்று டீச்சர் சிரித்திருக்கிறார். அந்தப் பெண் விடவில்லை. "அடுப்படியில அம்புட்டு வேல பாத்தவ சும்மா உக்காந்திருப்பாளா டீச்சர்? நாட்டை யாரு பாத்துக்கிட்டாங்க?"

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் டீச்சர் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "அவ கேட்டது நியாயந்தான மாஸ்டர்? நம்ம கதையெல்லாம் கல்யாணத்தோட கதவைச் சாத்திக்கிருது. உள்ள என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லலையே" என்றார். அன்று முதல் அவருடைய கதை எதுவும் கல்யாணத்தில் முடியவில்லை. முடிசூட்டிய மறுநாள் காலையில் ஆரம்பித்தது. ராணி தூங்கி எழுகிறாள், வாசலில் சனங்கள் குறையோடு நிற்கிறார்கள், அவளுக்கோ பதினாறு வயது. இளவரசர்களை டீச்சர் இரண்டாம் பக்கத்திலேயே வேட்டைக்கு அனுப்பிவிடுவார். ஒருத்தனும் திரும்பியதில்லை. "அந்தப் பையன்களையெல்லாம் என்னதான் செஞ்சீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "எங்கயாவது நல்லா இருப்பாங்க, விடுங்க" என்றார்.

தர்பார் என்று நாங்கள் பெயர் வைத்த அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கதையின் கடைசி அத்தியாயத்தை டீச்சர் தனியாக உட்கார்ந்து எழுத மாட்டார். ஹாஸ்டல் சாப்பாட்டு ஹாலில் பெஞ்சுகளைச் சுவரோடு தள்ளிவிட்டு, நடுவில் வார்டனுடைய பிரம்பு நாற்காலியைப் போடுவார். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அதில் உட்கார வைப்பார். அவள்தான் அந்த வாரத்து ராணி. மற்ற பிள்ளைகள் மந்திரியாகவும் சித்தியாகவும் குடியானவர்களாகவும் வந்து வழக்கைச் சொல்வார்கள். ராணியின் மடியில் சாப்பாட்டுக்கு அடிக்கிற பித்தளைக் கைமணி இருக்கும். யோசித்துத் தீர்ப்பைச் சொல்லிவிட்டு மணியை அடித்தால் முடிந்தது. பிறகு யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. டீச்சரும் பேச மாட்டார். அந்தத் தீர்ப்புதான் புத்தகத்தில் வரும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சாம்பல் பெண் ராணியான கதைக்கு நடந்த தர்பாரில், அவளைக் கொடுமைப்படுத்திய சித்தி மகள்கள் இருவரும் வேலை கேட்டு வந்து நின்றார்கள். நாற்காலியில் இருந்த பெண் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துவிட்டு, "அடுப்படியில வேலை குடுங்க. ஞாயித்துக்கெழம லீவு குடுங்க. எனக்கு அது கெடைக்கல" என்று சொல்லி மணியை அடித்துவிட்டாள். எனக்கு ஆறவில்லை. அவ்வளவு அக்கிரமம் செய்தவர்களுக்கு லீவு ஒரு கேடா, நாலு சாத்து சாத்தி விரட்ட வேண்டாமா என்று டீச்சரிடம் சண்டைக்குப் போனேன். அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "நாற்காலியில நீங்களா உக்காந்தீங்க மாஸ்டர்? உக்காந்தவதான் சொல்லணும்" என்றார். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எத்தனையோ இடங்களில் வாயை மூட வைத்த வார்த்தை அது.

தீர்ப்பு தப்பாகப் போனதும் உண்டு. பஞ்ச காலத்தில் அரண்மனைக் களஞ்சியத்தில் இருக்கிற உருளைக்கிழங்கை வீட்டுக்கு ஒரே அளவாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு ராணி மணியடித்தாள். மூன்று தங்கச்சிகள் உள்ள பெண்ணொருத்தி பின்னால் நின்று அழத் தொடங்கினாள். ஒண்டிக்கட்டை வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே அளவா என்று கேட்டாள். டீச்சர் அந்தத் தீர்ப்பை அப்படியே எழுதினார். அடுத்த சனிக்கிழமை, தீர்ப்புச் சொன்ன அதே பெண்ணை மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்தார். அந்தப் பெண் எழுந்து நின்று, போன வாரம் சொன்னது தப்பு என்று சொல்லி மாற்றினாள். அதுவும் புத்தகத்தில் வந்தது. "ராணின்னா தப்பே பண்ணாதவ இல்ல. பண்ணின தப்பை நாலு பேரு முன்னாடி மாத்திச் சொல்றவ" என்று டீச்சர் அன்று சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்த வார்த்தை அவரையே என்ன பாடுபடுத்தியது என்று சொல்கிறேன்.

அட்டைப் படத்துக்கு நாங்கள் போட்ட சண்டையையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். முதல் புத்தகத்துக்கு நான் அசல் ராணியாகவே வரைந்துகொண்டுபோனேன். ஏழு முனைக் கிரீடம், ஒவ்வொரு முனையிலும் கல். டீச்சர் படத்தைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார். "இந்தக் குளிர்ல தகரத்தைத் தலையில வச்சுக்கிட்டு என்ன பண்ணுவா மாஸ்டர்? காது வெறச்சுப்போகும். ஒரு மஃப்ளரைச் சுத்திவிடுங்க" என்றார். நான் எவ்வளவோ மன்றாடினேன். நடக்கவில்லை. அதிலிருந்து என் ராணிகள் எல்லோரும் தலையில் கம்பளி மஃப்ளரும் உடம்பில் முழுக்கை ஸ்வெட்டருமாகத்தான் சிம்மாசனம் ஏறினார்கள். வத்தலக்குண்டில் எங்கள் புத்தகத்தை அடித்துக் கொடுத்த அச்சகக்காரர், "என்ன சார், ஒங்க நாட்டு ராணிகளுக்கெல்லாம் காதுவலியா?" என்று கேட்பார். ஆனால் அட்டையில் தன்னைப் போலவே உடுத்திய ராணியைப் பார்த்த ஒரு பெண் அந்தப் படத்தைக் கையால் தடவிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு கிரீடத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

இனி சொல்லப்போவது எனக்கும் இன்னும் இரண்டொருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். டீச்சர் எழுதி முடிக்காமல் விட்ட ஒரே கதையைப் பற்றியது.

எங்கள் பள்ளிக்குக் கீழே ஓடைக்கு அந்தப்பக்கம் ஒரு சரிவு உண்டு. வெகுகாலம் அது உண்ணிச்செடியும் முள்ளுமாகக் கிடந்தது. சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் சில, போக்கிடம் இல்லாமல் அங்கே வந்து தகரக் கொட்டகை போட்டுக்கொண்டன. முள்ளை வெட்டி, பாத்தி கட்டி, பீன்ஸும் பூண்டும் போட்டார்கள். ஆண்கள் கூலிக்குப் போனார்கள், பெண்கள் டவுனில் வீட்டு வேலை பார்த்தார்கள். பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். பாக்கியம் அந்தக் கொட்டகைகளில் ஒன்றிலிருந்து வந்த பெண். ஒன்பதாம் வகுப்பு. அதிகம் பேச மாட்டாள். பேசினால், முடியாது என்பதற்கு "ஏலாது டீச்சர்" என்பது போன்ற சிலோன் பேச்சு நடுவில் வந்து விழும். மற்ற பிள்ளைகள் அதைச் சொல்லிக் கேலி செய்தால், அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

எழுபதுகளின் கடைசியில் பள்ளி நிர்வாகம் அந்தச் சரிவில் புது ஹாஸ்டல் கட்ட நினைத்தது. நிலம் பள்ளியுடையதுதான். குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு அடிபட்டது. அந்த நாட்களில்தான் டீச்சர் ஒரு புதுக் கதையை எடுத்தார். நூறு வருஷம் தூங்கிய இளவரசியின் கதை. அவர் சொன்ன விதத்தில், இளவரசி அரண்மனைக்குப் பின்னால் சோலைக்காட்டுக்குள் ஒரு கல்மண்டபத்தில் தூங்குகிறாள். ராஜாவும் படையும் காலத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அரண்மனையை முள் மூடுகிறது. வேறு தேசத்தில் இருக்க முடியாமல் வந்த சனங்கள் முள்ளை வெட்டி, அரண்மனைக்குள் குடியேறி, அந்தப்புரத்துத் தோட்டத்தில் காய்கறி போட்டுப் பிழைக்கிறார்கள். இளவரசியை யாரும் வந்து எழுப்பவில்லை. குளிர் தாங்காமல் அவளே எழுந்துகொள்கிறாள். எங்கிருந்தோ பழைய மந்திரி வம்சத்தார் ஓடிவந்து, நீதான் ராணி, உள்ளே இருப்பவர்களை வெளியேற்று என்கிறார்கள். இருக்கலாமா, போகச் சொல்வதா? இதுதான் வழக்கு.

அந்தச் சனிக்கிழமை நாற்காலியில் உட்கார டீச்சர் பாக்கியத்தைக் கூப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படம் வரைவதற்காக நானும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மந்திரியாக வந்த பெண் நிலம் யாருடையது என்று கேட்டாள். குடியானவளாக வந்த பெண், முள் யார் கையைக் கிழித்தது என்று கேட்டாள்.  பாக்கியம் மணியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் டீச்சரையே பார்த்தாள். பிறகு மணியின் நாக்கை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அதைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"எனக்கு இப்ப சொல்ல ஏலாது டீச்சர். அடுத்த சனிக்கெழம சொல்றேன்."

டீச்சர் முகத்தில் ஏமாற்றத்தைப் பார்த்தேன். அதன் காரணம் அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது தெரிந்தது. புதன்கிழமை நிர்வாகக் கமிட்டி கூடுகிறது. ஆசிரியர்கள் சார்பில் டீச்சர் அதில் உட்காருவார். பிள்ளைகளே இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள் என்று அங்கே எடுத்துச் சொல்லி, அந்தக் குடும்பங்களுக்காகக் கேட்பதுதான் அவர் போட்டிருந்த கணக்கு. "அவ சொல்லியிருந்தா நான் பிடிச்சுக்கிட்டுப் பேசியிருப்பேன் மாஸ்டர்" என்றார். நீங்களே பேசுங்களேன் என்றேன். "பேசுவேன்" என்றார்.

அவர் பேசவில்லை. புதன்கிழமை கமிட்டியில் அந்தச் சரிவு விஷயம் வந்தது. யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று கேட்டார்கள். டீச்சர் முகத்தைப் பார்த்துக்கூடக் கேட்டார்களாம். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஏன் அப்படி இருந்துவிட்டார் என்று நான் கேட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத ஒரு பெண்மணிக்குச் சோறும் கூரையும் மரியாதையும் அந்த ஒரு பள்ளிக்கூடம்தான் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதைச் சொல்லி அவரை யாரும் குறை பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை அந்தக் குடும்பங்கள் போய்விட்டன. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப்போகும் லாரிகளில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு மேலே தட்டுமுட்டுச் சாமான்களையும் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். டீச்சர் வகுப்பை விட்டுவிட்டு கேட் வரைக்கும் ஓடினார். லாரி வளைவில் திரும்பும்போது மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பாக்கியம் கையை ஆட்டினாள். டீச்சருக்குக் கையைத் தூக்கத் தோன்றவில்லை. சாக்பீஸோடு அப்படியே நின்றார்.

மறுநாள் சனிக்கிழமை. வழக்கம்போலப் பிள்ளைகள் பெஞ்சுகளைத் தள்ளி நாற்காலியைப் போட்டுவிட்டார்கள். ஒரு பெண் ஆர்வமாக எழுந்து, "நான் உக்காந்து சொல்றேன் டீச்சர்" என்றாள். டீச்சர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "உக்காந்தவ கெளம்பிப் போயிட்டா. அவ வந்து சொல்லட்டும்." நாற்காலியை வார்டன் அறைக்கு அவரே தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வேறு கதைகளுக்கு தர்பார் நடந்தது, இரண்டு மூன்று புத்தகங்களும் வந்தன. இந்தக் கதை மட்டும் கடைசி அத்தியாயம் இல்லாமல் நின்றது.

நான் சும்மா இருக்கவில்லை. மூளியாகக் கிடக்கிறதே, நீங்களே முடித்துவிடுங்கள் என்று வருஷக்கணக்கில் நச்சரித்தேன். ஒருநாள் பொறுமை இழந்து சொன்னார். "நெசமான வழக்குல என்கிட்டக் கேட்டாங்க மாஸ்டர். நான் வாயைத் தெறக்கல. இனிமே கதையில நான் என்ன தீர்ப்புச் சொல்ல?" பிறகு, "அந்தப் பிள்ளை தலையில கொண்டுபோய் அதை வச்சேன் பாருங்க. நான் சொல்ல வேண்டியது அது" என்றார். பண்ணின தப்பை நாலு பேர் முன்னால் மாற்றிச் சொல்கிறவள்தான் ராணி என்று சொன்னவர் அவர். மாற்றிச் சொல்ல அவருக்கு அந்த நாலு பேர் கிடைக்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் லாரி ஏறிப் போய்விட்டார்கள்.

ஒவ்வொரு கோடை லீவிலும் ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கிப் போவார். மார்க்கெட்டில் மூட்டைகளுக்கு நடுவே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டி மண்டியாகப் போய், சிலோன்காரக் குடும்பம், பாக்கியம்னு ஒரு பிள்ளை, தெரியுமா என்று கேட்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். அவர்கள் வந்த சில வாரத்திலேயே வேறெங்கோ தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் அந்தப்பக்கம் பார்க்கவில்லை.

ரிட்டையர் ஆனபோது ஹாஸ்டல் பிள்ளைகள் அவருக்கு அந்தப் பித்தளை மணியைக் கொடுத்தார்கள். ஹாஸ்டலில் அப்போது கரண்ட் மணி வந்திருந்தது. தங்கையோடு ஒரு சின்ன வீட்டில் இருந்தார். நெஞ்சுச் சளி அவரை விடவில்லை; ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கிப் போவதும் நின்றுபோயிருந்தது. போன ஐப்பசியில் நான் பார்க்கப் போனபோது என் ராணிகளைப் போலவே மஃப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்து, சிரிப்பு இருமலாகிப் போயிற்று. கிளம்பும்போது, "அது எப்பயாவது வரும் மாஸ்டர். வந்தா நீங்க படத்தைப் போட்டுருங்க" என்றார். எது என்று நான் கேட்கவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் பனி. பழைய மாணவிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மண் போடத் தொடங்கிய நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு காய்கறி லாரி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடிவந்தாள். செருப்பை எங்கோ விட்டுவிட்டாள். குழி ஓரத்தில் வந்து நின்று, முகத்தைக் கூடப் பார்க்க முடியவில்லையே என்று வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாரம்மா நீ என்று கேட்டதற்கு, "பாக்கியம் சார். தீர்ப்புச் சொல்லாமப் போனவ" என்றாள்.  பக்கத்திலிருந்த சிலுவைக் கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

டீச்சர் வீட்டில் அவருடைய தங்கை எங்களுக்குக் பால் விடாத கட்டங்காப்பி கொடுத்தார். பாக்கியத்தைக் கூட்டிவந்த லாரி டிரைவர் வாசலில் நின்று சொன்னார். "எங்க மார்க்கெட்டுல காய் தரம் பிரிக்கிற பொம்பளையாளுகளுக்கெல்லாம் இவங்கதான் சார் பேசுவாங்க. இவங்களும் கூலியாளுதான். ஆனா இவங்க வாயைத் தெறந்தா மண்டிக்காரரு எந்திரிச்சு நின்னு கேப்பாரு." பாக்கியம் அவரைச் சும்மா இருக்கச் சொன்னாள். நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மறுபடியும் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு லயத்து அறையில் வளர்ந்திருக்கிறாள். டீச்சர் தேடிப் போவது நின்ற பிறகு, கல்யாணமாகித்தான் ஒட்டன்சத்திரம் திரும்பியிருக்கிறாள்; அன்று காலை மலையிலிருந்து இறங்கிய காய் லாரிக்காரர் சொல்லித்தான் சாவுச் சேதி தெரிந்திருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"பயம் சார். எல்லாரு முன்னாடியும் சனிக்கெழம சொல்றேன்னுட்டு ஓடிப்போனவ. டீச்சர் என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்கன்னு பயம். இன்னைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போயிட்டேன்."

அன்று உனக்குத் தீர்ப்புத் தோன்றவில்லையா என்று கேட்டேன். அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கே இருந்துச்சு சார். நாக்கு நுனியில இருந்துச்சு. கமிட்டி கூடக்கூட இல்ல, அதுக்கு மொத நாளே எங்களைக் காலி பண்ணச் சொல்லி ஆளு வந்து சொல்லிட்டாங்க. டீச்சர் எதுக்கு என்னைக் கூப்புட்டு உக்கார வச்சாங்கன்னு எனக்குத் தெரியும். கமிட்டிக்காரரு ஒருத்தர் வீட்டுல வேலை பாத்த எங்கம்மா, புதன்கெழம கூட்டம்னு தெரிஞ்சுக்கிட்டுக் காலையிலேயே சொல்லி அனுப்புச்சு. 'ஒங்க டீச்சர் நம்மளுக்காக வாயைத் தெறந்தா அவங்க சோலி போயிரும்டி. நமக்கு இன்னொரு தகரம் போட எங்கயாவது எடம் கெடைக்கும். தனிக்கட்டை, அவங்க எங்க போவாங்க? நீ எதுவும் சொல்லி அவங்களைக் கெளப்பி விட்டுறாத.' அதான் சார் மணியப் புடிச்சுக்கிட்டேன்."

 டீச்சரின் தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். நானும் அழுதேன். பிள்ளையைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டோம் என்று இத்தனை வருஷம் தன்னையே தின்றுகொண்டிருந்தவரை, அந்தப் பிள்ளை அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே காப்பாற்றிவிட்டிருந்தது. ஒரு நாள் முந்தி இந்த லாரி வந்திருக்கக் கூடாதா என்று ஆண்டவனைக் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அலமாரியிலிருந்து அந்த மணியை எடுத்துவந்து பாக்கியத்திடம் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தவள் நீதானே, சொல் என்றேன். அவள் மணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ராணி போயி கதவைத் தட்டணும் சார். அது அவ அரமனைதான். இருந்தாலும் தட்டணும். 'நான் ரொம்பக் காலம் தூங்கிட்டேன். நீங்க முள்ளை வெட்டி வெளக்கேத்தி வச்சிருக்கீங்க. வெளிய குளுருது. எனக்கும் ஒரு ரூம் குடுப்பீங்களா'ன்னு கேக்கணும். அவங்க குடுப்பாங்க. குளுருல நின்னவங்க குடுக்காம இருக்க மாட்டாங்க. அவங்க கதவைத் தெறந்து விட்டதுக்கு அப்பறந்தான் அவ ராணி."

அடி என்றேன். அவள் மணியைத் தூக்கினாள். பிறகு அன்று போலவே அதன் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு என்னிடம் நீட்டிவிட்டாள். "கேக்க வேண்டியவங்க மண்ணுக்குள்ள இருக்காங்களே சார்" என்றாள்.

அந்த மணி இப்போது வத்தலக்குண்டில் என் போர்டு எழுதும் கடையில் இருக்கிறது. நாக்கில் ஒரு துணியைச் சுற்றி வைத்திருக்கிறேன். டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த மணியும், 'உக்காந்தவதான் சொல்லணும்' என்ற வார்த்தையும்தான். கடைசி அத்தியாயத்தைப் பாக்கியம் சொன்னபடியே, ஒரு வார்த்தையும் கூட்டாமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். புத்தகம் வந்ததும் கல்லறைக்கு எடுத்துப்போகிறோம். பாக்கியம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்களும், உங்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும், வாருங்கள். துணியை அவிழ்த்து அவள் கையில் கொடுக்கிறேன். நாலு பேர் முன்னால் அவள் அடிக்கட்டும்.

அட்டையும் போட்டாயிற்று டீச்சர். தன் அரண்மனை வாசலிலேயே ஒரு பெண் கதவைத் தட்டக் கையைத் தூக்கி நிற்கிறாள். கிரீடம் வைக்கவில்லை. நல்ல குளிர், மஃப்ளர்தான் சுற்றியிருக்கிறேன்.